நல்ல தாளும் நல்ல நூலும் பெட்டியிலேயே கிடக்கின்றன, எடுக்கக் கை வரமாட்டேன் என்கிறது

இலைநரம்பு எழுதியது:

வணக்கம். இது கேள்வியா புலம்பலா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும் கலந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் ஒரு தட்டு முழுக்க "நல்ல" பொருட்கள் வைத்திருக்கிறேன். முழுப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, அதாவது நல்ல கனம்) வாட்டர்கலர் தாள் ஒரு கட்டு, கலைஞர் தர வண்ணக் குழாய்கள், பட்டு எம்பிராய்டரி நூல், பாலிமர் கிளே (சூட்டில் இறுகும் செயற்கைக் களிமண்) பாக்கெட்டுகள், கம்பளி நூல்கண்டுகள். சிலது ஆசைப்பட்டு வாங்கியது, சிலது பரிசாக வந்தது. அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன், தாளின் பிசிறு ஓரத்தைத் தடவுவேன், நூலை வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பளபளப்பை ரசிப்பேன், பிறகு பத்திரமாகத் திரும்ப வைத்துவிடுவேன். வேலை செய்வதெல்லாம் சாதாரண நோட்டுத் தாளிலும் மிச்சம் மீதி நூலிலும்தான். இன்னும் கொஞ்சம் கை தேறட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே காலம் போகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எனக்கு மனசு சரியில்லாத நாளில்தான் வரையத் தோன்றும். அந்த நிலையில் என்ன வரும் என்று தெரியாது, பாதி நேரம் கிறுக்கலாகத்தான் முடியும், அதற்குப் போய் நல்ல தாளா என்று கை பின்வாங்கிவிடும். மனசு தெளிவாக இருக்கும் நாளில் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன். ஆக எந்த நாளும் அந்தக் கட்டைப் பிரிக்கும் நாளாக அமைவதில்லை.

நான் கேட்க நினைப்பது: இவற்றையெல்லாம் சும்மா வைத்திருந்தால் கெட்டுப்போகுமா? பழகுவதற்கு மலிவான பொருளே போதும் என்கிறார்களே, அது சரிதானா? அப்புறம், இந்தத் தயக்கம் உங்களுக்கும் உண்டா? தயவுசெய்து "சும்மா எடுத்து வரைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நானே எனக்குத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.


ஈரத்தூரிகை எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பென்சிலில் கோடு பழகச் சாதாரணத் தாள் தாராளமாகப் போதும். வாட்டர்கலருக்கு அந்தக் கணக்கு செல்லாது. மெல்லிய மரக்கூழ்த் தாளில் தண்ணீர் பட்டதும் தாள் நெளியும், நெளிந்த பள்ளங்களில் வண்ணம் குளம் கட்டும், மேடுகள் அதற்குள் காய்ந்துவிடும், நீங்கள் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் நடுவில் ஒரு கடினமான கோடு விழுந்திருக்கும். அதைச் சரிசெய்ய ஈரத்தூரிகையால் தேய்த்தால் தாளின் மேல்தோல் பிரிந்து சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். பார்ப்பவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார். அதே கையால் அதே வண்ணத்தைப் பருத்தித் தாளில் வைத்துப் பாருங்கள். பருத்தி இழைகள் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும், தாளுக்குள் ஏற்றியிருக்கும் ஜெலட்டின் வண்ணத்தை ஆழத்துக்கு இறங்கவிடாமல் மேலேயே நிறுத்தும். அதனால் வண்ணம் வண்ணத்தோடு மெதுவாகக் கலக்க நேரம் கிடைக்கிறது, காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு கொடுக்கலாம், பிடிக்காத இடத்தை ஈரத்தால் தொட்டு ஓரளவு எடுத்துக்கூட விடலாம். எனவே தப்பு செய்துவிட்டால் திருத்த இடம் தருவது நல்ல தாள்தான். மலிவான தாள் மன்னிக்காது. நீங்கள் கை தேறிய பிறகு எடுக்கலாம் என்று வைத்திருப்பது, கை தேறுவதற்கு உதவும் பொருளை.

(பிரஷ் விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பு இல்லை. முனை கூராகச் சேரும் செயற்கை முடி பிரஷ் ஒன்று இருந்தால் நெடுநாள் ஓட்டலாம். வண்ணத்தில்கூட மாணவர் தரம் பரவாயில்லை. முதலில் மாற்ற வேண்டியது தாள்.)

கெட்டுப்போகுமா என்றால், ஆமாம், தாளும் கெடும். கறுத்துப்போகும் என்று சொல்லவில்லை. தாளுக்குள் இருக்கும் அந்த ஜெலட்டின் பூச்சு, அதைத்தான் சைசிங் என்பார்கள், ஈரப்பதமான இடத்தில் வருஷக்கணக்கில் கிடந்தால் ஆங்காங்கே செயலிழந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் பூசியதும்தான் அந்தந்த இடத்தில் மட்டும் தாள் சட்டென்று உறிஞ்சி அடர்த்தியான புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும். தெரிந்துகொள்ள எளிய வழி, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு கொஞ்ச நேரம் குமிழாக மேலே நின்றால் தாள் நலம். விட்டவுடன் கறையாக உள்ளே இறங்கினால் சைசிங் போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப் போன தாளையும் தூக்கிப் போட வேண்டாம், கரி, பேஸ்டல், கொலாஜ் (துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) எல்லாவற்றுக்கும் அது அருமையான தளம், ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசினால் அக்ரிலிக்குக்கும் ஆகும். ராமபாணப் பூச்சியிடமிருந்து காப்பாற்றுங்கள், மாவுப்பொருளும் பசையும் இருக்கும் தாள் என்றால் அதற்குக் கொள்ளை ஆசை.

குழாய்களைப் பொறுத்தவரை, வாட்டர்கலர் குழாய்க்குள் கல்லாகக் காய்ந்திருந்தாலும் கவலையில்லை, கம் அரபிக் பிசின் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். குழாயை நீளவாக்கில் பிளந்து உள்ளே இருப்பதைக் கட்டியாகவே பயன்படுத்தலாம். அக்ரிலிக் அப்படியில்லை, காய்ந்தால் காய்ந்ததுதான், பிளாஸ்டிக் படலமாகிவிடும். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது, அதனால் மூடி இறுக்கமாக இருந்தால் பல வருஷம் அசையாமல் கிடக்கும். அந்த மடங்கும் உலோகக் குழாயே 1841-ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள், குத்தித் திறந்தால் ஒழுங்காக மூட வழியில்லை.


முடிச்சு எழுதியது:

தாளைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது, நான் நூல்காரி, நூலைப் பற்றிச் சொல்கிறேன்.

கம்பளி இருக்கிறது என்றீர்களே, இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியிலும் பட்டிலும் இருக்கும் புரதத்தைத் தின்று வளர்வது. பருத்தி நூலை அது அவ்வளவாகச் சீண்டாது. இருட்டான, யாரும் தொடாத மூலைதான் அதற்குப் பிடித்த இடம், அதாவது நீங்கள் பத்திரம் என்று நினைக்கும் அதே இடம். கண்டை விரித்துப் பார்க்கும்போது நூல் இடையிடையே அறுந்து வந்தாலோ மெல்லிய வலை போல ஏதாவது ஒட்டியிருந்தாலோ, காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் ஓரிரு வாரம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பையைப் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான், இல்லையென்றால் நூலில் வியர்த்துவிடும்.

பட்டு நூலுக்கு எதிரி வெளிச்சம். ஜன்னல் பக்கம் கண்ணாடி ஜாடியில் வண்ண வரிசையாக அடுக்கி வைத்தால் படம் பிடிக்க நன்றாக இருக்கும், நூல் நிறமும் போய் வலுவும் போகும். ரசிக்க வேண்டுமானால் மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து ரசியுங்கள்.

இப்போது மனசு விஷயம். எம்பிராய்டரியில் ஒரு வசதி உண்டு, பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம். அதனாலேயே இதில் பயம் குறைவு என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பட்டில் அது பாதிதான் உண்மை. இரண்டு தடவை பிரித்த பட்டு இழை மயிர் பிரிந்து மங்கிவிடும், துணியிலும் ஊசித் துளை தெரியும். ஆகவே பட்டு நூலோடு பழகாமல் நேராகப் பெரிய வேலையில் இறங்கினால் பயந்தது மாதிரியே நடக்கும். நான் செய்வது, வட்டச் சட்டத்தில் ஒரு துண்டுத் துணி எப்போதும் மாட்டியே இருக்கும். அதில் உருவம், திட்டம் ஒன்றும் கிடையாது. புது நூல் வந்தால் முதலில் அதில் ஒரு விரல் அகலத்துக்கு நிரப்புத் தையல் போட்டுப் பார்ப்பேன், ஒரு முடிச்சுத் தையல், ஒரு சங்கிலி. பட்டு இழை விரலில் உள்ள சொரசொரப்பில் மாட்டும், அதற்கு முன்பே கையில் கிரீம் தடவி ஊறவிட்டுக்கொள்ள வேண்டும், நீளமாக வெட்டினால் துணிக்குள் போய்ப் போய் வந்து பளபளப்பு தேய்ந்துவிடும், முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். இதெல்லாம் அந்தத் துண்டில்தான் தெரியும். மனசு சரியில்லாத நாளில் எடுப்பதும் அதைத்தான், என்ன தைக்கலாம் என்று யோசிக்கும் வேலையே இல்லாமல் ஊசி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நல்ல பொருள் தொட்ட பொருளாகிவிட்டால் போதும், அப்புறம் அது சாதாரணப் பொருள்தான். பிரிக்காத கட்டுக்குத்தான் அத்தனை மரியாதையும்.


சும்மா_ஒருவன் எழுதியது:

எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துங்கள் என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

பொருள் சேர்ப்பது தனிச் சந்தோஷம், கைவேலை தனிச் சந்தோஷம். அஞ்சல்தலை சேர்ப்பவரிடம் போய் ஏன் ஒட்டி அனுப்பவில்லை என்று யாரும் கேட்பதில்லை. தாளைத் தடவிப் பார்ப்பதிலேயே இலைநரம்புக்கு ஏதோ நிறைகிறது என்றால் அதில் என்ன குற்றம்? குற்ற உணர்ச்சிதான் இங்கே உண்மையான தொல்லை, தாள் இல்லை. கூடவே ஒரு எச்சரிக்கை, மனசு சரியில்லாதபோது வரைந்தால் சரியாகிவிடும் என்ற பேச்சையெல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2016-ல் ட்ரெக்ஸெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றை எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவார்கள், 45 நிமிடம் கைவேலை செய்த பிறகு எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்தது என்று. கலந்துகொண்டவர்கள் 39 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, அதே 45 நிமிடம் வேறு ஏதாவது செய்த குழு என்று ஒன்றும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்கலாமோ என்னவோ.


ஈரத்தூரிகை எழுதியது:

@சும்மா_ஒருவன், ஆய்வைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது, ஏற்கெனவே கலைப் பயிற்சி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொடுத்த பொருட்களும் மார்க்கர், தாள், களிமண், கொலாஜ் என்று சாதாரணமானவைதான். இலைநரம்பின் கேள்விக்கு அந்தப் பகுதிதான் பொருந்துகிறது. கை தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டியதில்லை.

சேர்ப்பதே சந்தோஷம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் எழுதியதைத் திரும்பப் படியுங்கள், அவருக்கு அது சந்தோஷமாக இருந்தால் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டார்.


கத்தரிக்கோல் எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு வேலையே காகிதத்தை வெட்டுவதுதான், அதனால் முழுத் தாளைக் கண்டு வரும் பயம் ரொம்பப் பழக்கம். முழுத் தாள் என்பது ஒரே ஒரு வாய்ப்பு மாதிரி முன்னால் நிற்கிறது. வெட்டிவிட்டால் அந்த மிரட்டல் போய்விடும். வரைவதைப் பற்றி யோசிக்காமல், வேறொரு நாளில், வெறும் வெட்டும் வேலையாக மட்டும் செய்யுங்கள், அஞ்சலட்டை அளவுக்கு. பருத்தித் தாளைக் கத்தியால் வெட்டுவதைவிட மடித்து நகத்தால் அழுத்தி, திருப்பி மடித்து மறுபடி அழுத்தி, மடிப்பில் லேசாக ஈரம் தொட்டு மெல்லக் கிழித்தால் இழை இழையாகப் பிரிந்து அசல் ஓரம் மாதிரியே வரும். கிழியும் அந்தச் சத்தத்திலேயே பாதி பயம் போய்விடும் என்று நான் உத்தரவாதம் தருகிறேன் :)

அடுத்த படி, படமே வரையாதீர்கள். துண்டுகளில் வண்ணம் மட்டும் பூசி வையுங்கள். பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸ் 1941-ல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கையும் சக்கர நாற்காலியுமாக ஆனபோது செய்த வழி இதுதான், உதவியாளர்கள் தாள் தாளாகக் குவாஷ் (ஒளி ஊடுருவாத, கெட்டியான நீர்வண்ணம்) பூசி வைப்பார்கள், அவர் கத்தரிக்கோலை எடுத்து அந்த வண்ணத்துக்குள் நேராக வெட்டிக்கொண்டே போவார், வெட்டிய துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்தி இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். பூசுவது ஒரு நாள், வெட்டுவது ஒரு நாள், ஒட்டுவது ஒரு நாள் என்று பிரிந்துவிடுவதால் எந்த ஒரு கட்டத்திலும் "இது படமாக வந்தாக வேண்டும்" என்ற பாரம் இல்லை. உங்கள் மனசு சரியில்லாத நாளுக்குப் பூசும் வேலை தோதாக இருக்கும், தெளிவான நாளுக்கு வெட்டும் வேலை.

கை தேறிய பிறகு என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் மேரி டெலனியைத்தான் காட்டுவேன். 1700-ல் பிறந்த அந்த அம்மாள் காகிதப் பூக்களை வெட்டி ஒட்ட ஆரம்பித்தது 1772-ல், 72 வயதில். கறுப்புப் பின்னணியில் இதழ் இதழாக, நரம்பு நரம்பாக வண்ணக் காகிதத் துணுக்குகள், சில பூக்களில் நூற்றுக்கணக்கில். கண்பார்வை மங்கி நிறுத்தும் வரை பத்து வருஷத்தில் ஆயிரத்தை நெருங்கிவிட்டார். இன்றைக்கும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவரும் அதற்கு முன் சும்மா இருந்தவர் இல்லை, தையலும் ஓவியமும் வாழ்நாள் முழுக்கச் செய்தவர், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது வந்து திருத்துவீர்கள்.

வண்ணம் பூசும்போது ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். குழாயின் பின்னால் நிறமியின் குறியீடு இருக்கும், பக்கத்தில் ஒளி தாங்கும் தரமும் போட்டிருப்பார்கள். PR83 என்ற அசல் அலிசரின் கிரிம்சன் மாதிரியானவை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். வான்கோவின் 1888 படுக்கையறை ஓவியத்தில் சுவர் இன்று நீலமாகத் தெரிகிறது, அவர் பூசியது இளம் ஊதா, கலந்திருந்த சிவப்பு மங்கிவிட்டது. உங்களிடம் உள்ள வண்ணங்களைச் சோதிக்க ஒரு நீளத் துண்டில் எல்லாவற்றையும் கோடு கோடாகப் பூசி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சொல்லும். இதற்கும் நல்ல தாள்தான் வேண்டும், ஆக இதுவே கட்டைப் பிரிக்க ஒரு சாக்கு.


இலைநரம்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கட்டைப் பிரித்து மேலே இருந்த தாளில் சொட்டு விட்டேன். நின்றது. அடுத்ததிலும் நின்றது. அடியில் இருந்த தாள்களில்தான் ஒரு மூலை மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டது, அலமாரியின் பின்சுவர் ஈரம் பட்ட பக்கம் போலிருக்கிறது. அவற்றைக் கரிக்கு ஒதுக்கிவிட்டேன். நல்ல தாளில் ஒன்றைக் கத்தரிக்கோல் சொன்னபடி மடித்து ஈரம் தொட்டுக் கிழித்தேன், முதல் மடிப்பு கோணலாகப் போய் ஒரு துண்டு ஆப்பு மாதிரி வந்தது, அதில்தான் இப்போது வண்ணக் கோடுகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு நீலம் குழாய்க்குள் கல்லாக இருந்தது, பிளந்தேன், உள்ளே அப்படியே நகைப்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது.

@சும்மா_ஒருவன், நீங்கள் சொன்னது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. பட்டு நூலை நான் இன்னும் பார்த்து ரசிக்கத்தான் போகிறேன், ஆனால் மூடி போட்ட பெட்டிக்குள்.

@முடிச்சு, அக்கா, கம்பளி பிழைத்தது, பூச்சி ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பாலிமர் கிளே பாக்கெட்டில் இரண்டு நிறம் பிசைய வராமல் பொடிப்பொடியாக உதிர்கிறது. குப்பைக்குத்தானா?


களிமண்கை எழுதியது:

குப்பைக்குப் போடாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். அது மண்ணே இல்லை, பிவிசி தூளை இளக்கியோடு கலந்தது, நாளாக நாளாக அந்த இளக்கி குறைந்தால் உதிரும். பொடியாக நறுக்கி, ஒரு பையில் போட்டு, கிளேக்கு என்றே விற்கும் இளக்கும் திரவமோ இரண்டொரு சொட்டு மினரல் ஆயிலோ விட்டு ஒரு இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் உள்ளங்கைச் சூட்டில் பிசையுங்கள், ஆரம்பத்தில் வரவே வராது என்று தோன்றும், விடாதீர்கள். எண்ணெய் அதிகமானால் சுட்ட பிறகு வலுவில்லாமல் போகும், எனவே சொட்டுச் சொட்டாக.

எவ்வளவு பிசைந்தும் உள்ளே கெட்டியான மணிகள் தட்டுப்பட்டால் அது எங்கேயோ சூட்டில் இருந்து பாதி வெந்துவிட்டது, அதைக் காப்பாற்ற முடியாது. ஆனால் சீஸ் துருவி மாதிரி ஒன்றில் துருவி வேறு நிறக் கிளேயில் கலந்தால் கருங்கல் போலப் புள்ளி புள்ளியாக அழகாக வரும். துருவியை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். மிச்சத்தைச் சாதாரணக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டாம், காகிதம் இளக்கியை உறிஞ்சிவிடும், மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள். சுடும் சூடு பாக்கெட்டில் போட்டிருக்கும், பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும், அதைத் தாண்டவிட்டால் கருகிப் புகை வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.


இலைநரம்பு எழுதியது:

நறுக்கிப் பையில் போட்டாயிற்று. மினரல் ஆயில்தான் இருந்தது, மூன்று சொட்டு விழுந்துவிட்டது, இரண்டு என்றீர்கள். பரவாயில்லைதானே?


களிமண்கை எழுதியது:

பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் கிளே சேர்த்துக்கொள்ளுங்கள்.